எழுந்திருக்காத சம்பந்தி

எங்கள் வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. நர்ஸ்களுக்கு நான் இருபத்திமூன்று. பக்கத்துக் கட்டிலில் இருந்த தாவ் அத்தை இருபத்திநான்கு. "இருபத்திநாலு, காலையில வெளிக்குப் போச்சா?" என்று கதவருகில் நின்றே கேட்பார்கள். அத்தையும் சளைக்க மாட்டார். "இருபத்திநாலுக்குப் போச்சு. தாவ் ஷியூயுனுக்குத்தான் இன்னும் போகலை" என்று தன் முழுப் பெயரைச் சொல்வார்.

எனக்கு இடது முன்கை முறிந்திருந்தது. திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறேன். ஸ்கூட்டரில் துணிக்கட்டு ஏற்றிப் போகும்போது விழுந்தேன். அத்தைக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகி, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். ஜன்னல் திரையைத் துவைப்பதற்காகக் கழற்ற ஸ்டூல் மேல் ஏறி விழுந்தவர் அவர். நான் எந்தக் கடை என்று சொன்னதும், "அந்தத் திரை உங்க கடையில வாங்கினதுதான். மரியாதையா நஷ்ட ஈடு குடு" என்று மிரட்டிவிட்டு, தன் தட்டிலிருந்த வேகவைத்த முட்டையை என் தட்டில் வைத்தார். அதுதான் எங்கள் முதல் பேச்சு.

காலை முழுக்க மருந்துப் பாட்டில் தொங்கும். அது இறங்கி முடிந்து ஊசியைக் கழற்றியதும் வார்டே வெளியே கிளம்பிவிடும். நீலக் கோடு போட்ட ஆஸ்பத்திரி உடுப்பின் மேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, கட்டும் கைத்தடியுமாக எல்லோரும் ஏரிக்கரைக்குப் போவார்கள். கேட்டில் இருக்கும் காவலாளி யாரையும் தடுப்பதில்லை. "சாப்பாட்டு வண்டி வர்றதுக்குள்ள வந்துடுங்க" என்று மட்டும் சொல்வார்.

தாவ் அத்தையின் சக்கர நாற்காலியை அவர் கணவர் பாங் மாமா தள்ளுவார். நான் பக்கத்தில் நடப்பேன். ஒரு நாள் மாமா சிகரெட் பற்ற வைக்க நின்றபோது நான் ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தேன். நாற்காலி நேராக ஏரியை நோக்கித் திரும்பியது. "கிழவா, ஓடி வா! இவ என்னை மீனுக்குப் போடறா!" என்று அத்தை கத்தியதில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்டோபர் கடைசி. கரையோரச் சந்தையில் தக்காளி போலிருக்கும் சீமைப் பனிச்சைப் பழம் குவிந்து கிடந்தது. அத்தை ஒவ்வொரு கூடையிலும் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் நகர்வார். சுட்ட எள் ரொட்டி மட்டும் தினமும் வாங்குவோம். பாலத்துக்கு அடியில் பெண்கள் கூட்டமாக ஆடுவார்கள். அத்தையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். ஆடுகிறவர்களைப் பார்த்து, "இடது கை! இடது கையைத் தூக்கச் சொன்னா துணி காயப்போடற மாதிரி தூக்கறா பாரு" என்று நாற்காலியிலிருந்தே திட்டுவார். அவர்களும் திரும்பி, "நொண்டிக்கு வாய் மட்டும் நல்லா நடக்குது!" என்பார்கள்.

அப்படிப் போன ஒரு பிற்பகலில்தான் விஷயத்தைச் சொன்னார்.

அத்தையின் மகன் ஹைபோ சூச்சோவில் வேலை பார்க்கிறான். அங்கேயே வேலை பார்க்கும் லுவோ யின் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். பெண்ணின் ஊர் தெற்கே லியூச்சோ. அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் பெற்றோர் ரயிலேறி எங்கள் லியாவ்செங்குக்கு வருகிறார்கள். இரு வீட்டாரும் முதல் முறையாகச் சந்தித்து, சேர்ந்து சாப்பிட்டு, தேதி பேச வேண்டும். அவர்களுக்காகத்தான் திரையைத் துவைக்கப் போனார் அத்தை.

"கால் முறிஞ்சது அவங்களுக்குத் தெரியாது," என்றார். "தெரியவும் கூடாது."

"சொல்லிடலாமே அத்தை. விழுந்ததுல என்ன தப்பு?"

"உனக்குக் கல்யாணம் ஆகலை, அதான் இப்படிப் பேசறே. ஒரே பொண்ணு. அவ அம்மா ஏற்கனவே 'அவ்வளவு தூரமா, வடக்கயா'ன்னு மூக்கால அழறாளாம். இப்ப நான் காலை நீட்டிப் படுத்திருக்கறதைப் பாத்தா என்ன நினைப்பா? 'ஓகோ, என் பொண்ணு மாமியாருக்கு மூத்திரச் சட்டி எடுக்கத்தான் போறாளா'ன்னு நினைப்பா. நானா இருந்தா அதைத்தான் நினைப்பேன்."

மாமா மெதுவாக, "வர்றதைத் தள்ளிப் போடச் சொல்லலாம்," என்றார்.

"ஏன்னு கேப்பாங்க. கேட்டா உனக்குப் பொய் சொல்ல வருமா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "வராது," என்றார்.

"அப்ப வாயை மூடிக்கிட்டுத் தள்ளு."

ஹைபோவிடமும் சத்தியம் வாங்கியாகிவிட்டது. லுவோ யின்னிடம்கூடச் சொல்லக் கூடாது. அவளிடம் சொன்னால் அவள் அம்மாவுக்குப் போய்விடும்.

எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் உண்டு. தொழிலாளர் மன்றத்தில் மாலை நேர எழுத்து வகுப்புக்குப் போக ஆரம்பித்து, நாள்குறிப்பு எழுதத் தொடங்கியதிலிருந்து அது இன்னும் அதிகமாகிவிட்டது. என்னென்ன தடை வரும் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அத்தை என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். ஏரிக்கரை உணவகத்தில் தரைத்தளத்து அறை. மேசை விரிப்பு தரை வரை தொங்க வேண்டும். விரிப்புக்குள்ளே ஒரு ஸ்டூல், அதன் மேல் கால். விருந்தாளிகள் வரும் முன்பே அத்தை உட்கார்ந்துவிட வேண்டும். அவர்கள் போன பிறகுதான் நகர வேண்டும். சக்கர நாற்காலி சமையலறைப் பக்கம். நான் அத்தையின் அண்ணன் மகள். என் கைக்கட்டை மறைக்க முடியாது; அதனால் அதை மட்டும் உள்ளபடியே சொல்லிவிடலாம்.

தலைமை நர்ஸ் மெங் அக்கா அனுமதி கொடுத்தார். "கால் உயரத்துல இருக்கணும். விரல் வீங்கினா உடனே வந்துடணும். யார் வீட்டு விருந்தா இருந்தாலும் சரி," என்று சொல்லிவிட்டு, எதிர்க்கட்டில்காரியின் நீளப் பாவாடையைத் தானே இரவல் வாங்கி வந்து அத்தைக்கு உடுத்திவிட்டார். மேலே சிவப்புக் கம்பளிச் சட்டை. இடுப்புக்கு மேலே பார்த்தால் மணமேடையில் உட்காரப் போகிறவர் போல இருந்தார்.

உணவகத்தில்தான் முதல் தடை வந்தது. எங்கள் பக்கத்து விருந்தில் கதவைப் பார்த்த இருக்கை விருந்து கொடுக்கும் ஆணுக்கு. அவருக்குத் துணையாக இருக்கும் வீட்டுக்காரி எதிரே, கதவுக்கு முதுகு காட்டி உட்காருவார். ஆனால் கதவுப் பக்கம் போக வர ஆள் நடக்கும். காலை நீட்ட முடியாது.

"நீ அங்க போ. நான் இங்க உக்காந்துக்கறேன்," என்றார் அத்தை.

"அது என் இடம்," என்றார் மாமா.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உன் இடம்தான். ஒரு நாள் நான் உக்காந்தா தேஞ்சா போயிடும்?"

இப்படியாகக் கதவுக்கு நேரே, சுவரில் பெரிய சிவப்பு ஓவியத்தின் கீழே, அரசியைப் போல அத்தை அமர்ந்தார். எனக்கு ஏதோ உறுத்தியது. கால், விரிப்பு, நாற்காலி எல்லாம் யோசித்தேன், இன்னும் எதையோ விட்டிருக்கிறேன் என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

கதவு திறந்ததும் பிடிபட்டது.

முதலில் ஹைபோ, பின்னால் லுவோ யின், அவள் அப்பா, கடைசியாக அவள் அம்மா வெய். சின்ன உருவம், குட்டையாக வெட்டிய முடி. தேனில் ஊறவைத்த சின்ன ஆரஞ்சுப் பழங்கள் அடைத்த டப்பாவை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மாமா துள்ளி எழுந்தார். நானும் எழுந்தேன். பரிமாற வந்த பெண்கூட ஒதுங்கி நின்றாள். கதவுக்கு நேரே உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க, வாங்க! ரயில்ல தூங்கினீங்களா? வாங்க!" என்று அத்தை உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினார். குரலில் அவ்வளவு பாசம் இருந்தது. அதுவே விஷயத்தை இன்னும் மோசமாக்கியது.

வெய் அம்மாள் மேசையைச் சுற்றிக்கொண்டு அத்தையிடம் போய் டப்பாவைக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு, போட்டோவுக்குப் பிடித்து வைத்த சிரிப்பு போல இருந்தது.

மாமா மதுக் கோப்பையைத் தூக்கினார். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு வாழ்த்துச் சொல்லிக் குடிப்பது நின்றுகொண்டுதான். எல்லோரும் எழுந்தோம். அத்தை உட்கார்ந்தே கோப்பையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். இரண்டாவது கோப்பைக்கும் அப்படியே. பிறகு பெண்ணின் அப்பா எழுந்து பதிலுக்குக் கோப்பை தூக்கினார். அதற்கும் அப்படியே.

"உங்க பக்கத்துல வீட்டுக்காரம்மா எழுந்திருக்கற பழக்கம் இல்லையோ?" என்று வெய் அம்மாள் கேட்டார். மென்மையாகத்தான் கேட்டார்.

"நான் எழுந்தா ரொம்ப உயரம். எல்லாரும் அண்ணாந்து பாக்கணும்," என்று அத்தை சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. லுவோ யின் ஹைபோவைப் பார்த்தாள். ஹைபோ மீனைப் பார்த்தான்.

மீனின் தலையை மரியாதைக்காக விருந்தாளி பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். வெய் அம்மாள் அதைத் தொடவில்லை. ஆனால் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால், நான் ஒற்றைக் கையால் தடுமாறுவதைப் பார்த்துவிட்டார். "என்னம்மா கையில?" என்றார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். "அடப் பாவமே, வலிக்குதா? ராத்திரி தூங்கறியா?" என்று கேட்டுக்கொண்டே மீனை முள் எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். பிறகு கோழியை எலும்பிலிருந்து பிய்த்து வைத்தார். சூப்பை ஊதி ஆற்றினார். உடைந்த எலும்பைப் பார்த்தால் இப்படி உருகுகிறவர். மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு எலும்பு விரிப்புக்குள்ளே இருக்கிறது. அதை மறைத்ததற்காக அத்தைக்கு முறைப்பு. மறைக்காததற்காக எனக்கு மீன்.

சாப்பாடு நீண்டுகொண்டே போனது. அத்தையின் நெற்றியில் வியர்வை பூத்தது. பேச்சு குறைந்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் வந்தது. வலி என்று எனக்குத் தெரியும். வெய் அம்மாளுக்கு அது அலட்சியமாகத்தான் தெரிந்திருக்கும். தேதியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

வழியனுப்பும் நேரமும் வந்தது. எங்கள் ஊரில் விருந்தாளியைத் தெருமுனை வரை கொண்டுபோய் விடாமல் எந்த வீட்டுக்காரியும் திரும்ப மாட்டாள். "நீங்க முன்னால போங்க, எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு," என்றார் அத்தை. அவருடைய கை விரிப்பின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் கண் என்னிடம், நீ போ, என்றது.

நான் போனேன். வெளியே வில்லோ மரத்தடியில் வெய் அம்மாள் நின்றார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"யின், நாளைக்கு வேண்டாம். இன்னிக்கே ரயில் இருக்கான்னு பாரு."

"அம்மா..."

"நான் பிச்சை கேட்டு வரலை. பொண்ணைக் குடுக்க வந்தேன். முதல் நாளே இப்படி நாற்காலியில ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவ, நாளைக்கு உன்னை எந்த மூலையில நிக்க வைப்பா? இந்தக் கல்யாணம் வேண்டாம்."

லுவோ யின் அழுதுகொண்டே ஹைபோவைப் பார்த்தாள். "ஏதாவது சொல்லேன்," என்றாள். அவன் உணவகக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அம்மாவுக்குச் செய்த சத்தியம். நானும்தான் செய்திருந்தேன். சத்தியத்தை மீறுவது சரியா, எனக்கு அதில் என்ன உரிமை, சொன்னால் இன்னும் கெடுமோ என்றெல்லாம் எனக்குள் ஓடியது. பொதுவாக நான் இப்படி யோசித்துக்கொண்டே இருந்து நேரத்தை விட்டுவிடுகிறவள். ஆனால் அந்த அம்மாள் என் கைக்கட்டின் முடிச்சைச் சரிசெய்யத் தொடங்கினார். அவ்வளவு கோபத்திலும்.

"சித்தி," என்றேன், "அவங்களால எழுந்திருக்க முடியலை. கால் முறிஞ்சிருக்கு. தகடு வெச்சிருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தோம். நான் அவங்க அண்ணன் பொண்ணு இல்ல. பக்கத்துக் கட்டில்."

முடிச்சைப் பிடித்திருந்த கை நின்றது.

"கால் முறிஞ்சு சக்கர நாற்காலியில வந்தாங்களா? சாப்பிட?"

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?" என்று ஹைபோவிடம் திரும்பினாள் லுவோ யின். அவன் ஆமென்று தலையாட்டினான். "ஸ்டேஷன்லேர்ந்து என் பக்கத்துலயே உக்காந்து வந்தே!" என்று தன் பையால் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

கோபம் தணிந்துவிடும் என்று நான் நினைத்தது தவறு. வெய் அம்மாளின் முகம் இன்னும் இறுகியது. "இதை மறைச்சவங்க இன்னும் எதையெல்லாம் மறைச்சிருக்காங்களோ," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று உணவகத்துக்குள் திரும்பி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம்.

அறைக்குள் விரிப்பு மேசை மேல் தூக்கிப் போடப்பட்டிருந்தது. மாமா தரையில் மண்டியிட்டு அத்தையின் பாதத்தைக் கையில் ஏந்தியிருந்தார். அது பொங்கிய மாவு போல வீங்கியிருந்தது. அத்தை கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுக் கண் திறந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"இருபத்திமூணு! சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

வெய் அம்மாள் முன்னால் வந்து நின்றார். "நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்னேன். ஒவ்வொரு தடவையும் நீங்க உக்காந்தே இருந்தீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"எனக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றார் அத்தை. "பொறந்ததுலேர்ந்து விருந்தாளி வந்து நான் எழுந்திருக்காம இருந்தது இன்னிக்குத்தான்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பொண்ணைக் குடுத்திருப்பீங்களா?"

வெய் அம்மாள் பொய் சொல்லவில்லை. "யோசிச்சிருப்பேன்," என்றார். பிறகு, "இப்பவும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார். சொல்லிக்கொண்டே இன்னொரு நாற்காலியின் மெத்தையை உருவி, ஸ்டூல் மேல் வைத்து, மாமாவின் கையிலிருந்து பாதத்தை வாங்கி அதன் மேல் வைத்தார். "இன்னும் உயரமா வைக்கணும். இது தெரியாதா உங்களுக்கு?"

மாமா தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

"வீட்டுக்குப் போனா யார் பாத்துக்கப் போறா?"

"இவர்தான்."

"சமைப்பாரா?"

"நூடுல்ஸ் வேக வைப்பார்."

"தினமுமா?"

"தினமும் வேக வெச்சா கத்துக்குவார்."

லுவோ யின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் லீவு போட்டு வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாதே," என்றார்கள் இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அத்தைதான் தொடர்ந்தார். "சம்பந்தி, இதை நல்லாக் கேட்டுக்குங்க. உங்க பொண்ணு வேலையை விட்டுட்டு வந்து என் காலைப் பிடிக்க வேண்டாம். அவளோட வாழ்க்கை அங்க, சூச்சோவுல. எனக்காக மூட்டை கட்டிக்கிட்டு இங்க வந்து நின்னா நான் கதவைத் திறக்க மாட்டேன்."

"நீங்க எழுந்து போனாத்தானே திறக்கறதுக்கு," என்றார் வெய் அம்மாள்.

பெண்ணின் அப்பா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தார், சிரித்ததில் கால் அசைந்து, "ஐயோ" என்றார். வெய் அம்மாள் மட்டும் சிரிக்காமல் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தாண்டு வசந்த விழாவுக்குக் கல்யாணம்னு பசங்க பேசி வெச்சிருக்காங்க. அது வேண்டாம்," என்றார்.

லுவோ யின் அம்மாவின் கையைப் பிடித்தாள். ஹைபோவின் முகம் வெளுத்தது.

"நீங்க எங்க ஊருக்கு வாங்க. எங்க வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உங்க கால்ல ஏறி வந்து கதவைத் தட்டுங்க. நான் எழுந்து வந்து திறக்கறேன். அன்னிக்குத் தேதி பேசுவோம். நடக்கற மாமியாரா நடக்காத மாமியாரான்னு பாத்துட்டுத்தான் என் பொண்ணைக் குடுப்பேன்."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"வருவேன்," என்றார். "அதுவரைக்கும் பொண்ணை வேற இடத்துல பேசக் கூடாது."

"என் பொண்ணு என்ன சந்தைக் கோழியா, வர்றவங்களுக்கெல்லாம் பேச?"

நாற்காலியை யார் தள்ளுவது என்று வாசலில் சண்டை. கடைசியில் வெய் அம்மாள்தான் தள்ளினார். ஏரிக்கரையில் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும், "இவ்வளவு ஆடுதே, தினமும் இப்படியா கூட்டிட்டு வர்றீங்க?" என்று மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தார். மாமா சந்தோஷமாகத் திட்டு வாங்கினார்.

வார்டில் மெங் அக்கா பாதத்தைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஏசினார். வெய் அம்மாள் அத்தைக்குப் போர்த்திவிட்டுக் கிளம்பினார். அத்தை போர்வையை விலக்கினார்.

"கிழவா, நாற்காலியைக் கொண்டா. லிஃப்ட் வரைக்குமாவது போய் அனுப்பிட்டு வரணும்."

"படுங்க! யாரும் அனுப்ப வேண்டாம்!"

"உணவகத்துல விட்டுட்டேன். இங்க விட மாட்டேன்."

லிஃப்ட் வாசலுக்குப் போனோம். அங்கே போனதும் வெய் அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. அத்தையைத் திரும்பக் கட்டிலில் கொண்டுவந்து விட்டார். உடனே அத்தை மறுபடி நாற்காலியைக் கேட்டார். இரண்டாவது முறை லிஃப்ட் வந்தபோது பெண்ணின் அப்பா மனைவியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். லுவோ யின்னும் ஹைபோவும் அவர்களோடு ஏறினார்கள்.

கதவு மூட ஆரம்பித்த நேரத்தில்தான் அத்தை அதைச் செய்தார். ஒரு கையால் சுவரோரக் கம்பியைப் பிடித்தார். இன்னொரு கையை என் நல்ல தோளில் ஊன்றினார். இடது காலில் முழுப் பாரத்தையும் போட்டு, விருட்டென்று எழுந்து நின்றார். நின்று, தலை தாழ்த்தி, "போயிட்டு வாங்க, சம்பந்தி!" என்றார்.

"உக்காருங்க!" என்று உள்ளிருந்து ஒரு அலறல். கதவு மூடிக்கொண்டது.

உண்மையிலேயே அத்தை நல்ல உயரம். மாமா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் தோளை அசைக்கவில்லை. லிஃப்ட்டின் எண்கள் கீழே இறங்கின, நின்றன. பிறகு மேலே ஏற ஆரம்பித்தன. கதவு திறந்தது. வெய் அம்மாள் தனியாக நின்றார்.

"உக்காருங்கன்னு சொன்னேன்ல?"

அத்தை இன்னும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"எழுந்துட்டேன் சம்பந்தி," என்றார். "எப்படி உக்கார்றதுன்னுதான் தெரியலை."

வெய் அம்மாள் வந்து அவர் அக்குளுக்கு அடியில் தோளைக் கொடுத்தார்.